பின்பக்கம் யாருக்கு?

பழைய ஜீப்பை விலை பேசப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பானெட்டைத் திறப்பார்கள். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார்கள். டயரை ஓர் உதை. ஸ்டீயரிங்கை ஓர் ஆட்டு. அவ்வளவுதான். பின்னால் போய் சீட்டைத் தூக்கி, தரைத் தகடு எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்க்கிற ஆள் அபூர்வம்.

இத்தனைக்கும் ஜீப் பிறந்ததே அந்தப் பின்பக்கத்துக்காகத்தான். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. அமெரிக்க ராணுவத்தின் ஏடுகளில் அதற்கு வைத்த பெயர் ‘கால் டன் டிரக்’. காரே இல்லை, டிரக்! ரோடு இல்லாத இடத்துக்கு ஆளையும் பொருளையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் அதற்கு இட்ட வேலை. போர் முடிந்ததும் பாகங்களை இறக்குமதி செய்து பம்பாயில் மஹிந்திரா அதைப் பூட்ட ஆரம்பித்தது. அந்த வம்சத்தில் வந்த வண்டிகள்தான் இன்றைக்கும் நம் மலைகளில் மூச்சுவாங்க ஏறிக்கொண்டு இருக்கின்றன.

போடிநாயக்கனூருக்கு விடியற்காலையில் போய் இறங்கியவர்களுக்கு இது தெரியும். ஊர் எழுவதற்கு முன்பே ஜீப்புகள் எழுந்துவிடும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள், சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு நிற்பார்கள். ஒவ்வொரு ஜீப்பும் அவர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போடிமெட்டு ஏறும். 17 கொண்டை ஊசி வளைவுகள். முன்சீட்டில் டிரைவரும் கங்காணியும் கொஞ்சம் வசதியாக இருப்பார்கள். பின்னால் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்க்க முடியாது. காலும் கையும் சட்டையும் மட்டும் தெரியும்.

என் மாமாவுக்கு மலைமேல் ஆறு ஏக்கர் ஏலத்தோட்டம். கூடவே ஒரு எம்.எம்.540 ஜீப். பெஜோ டீசல் இன்ஜின். 25 வருஷமாக அவரிடம் இருக்கிறது. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் இல்லையா? அதற்கு வண்டியைக் காட்ட வேண்டியிருந்தது. “பின்னாடி தரை கொஞ்சம் பொத்தலா இருக்கு மாப்ள. ரெண்டு தகடு ஒட்டி, பெயின்ட் அடிச்சிட்டா முடிஞ்சது” என்றார். நானும் ஊரில் இருந்ததால் கூடப் போனேன்.

டிங்கர் பட்டறை வைத்திருந்தவரை ஊரே ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறது. அறுபது வயது இருக்கும். முதலில் பாட்டரி வயரைக் கழற்றச் சொன்னார். டீசல் டேங்க்கை இறக்கி, எட்டத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பிறகு சீட்டு, ரப்பர் விரிப்பு, ஸ்டெப்னி தாங்கி எல்லாம் வெளியே வந்தன. ஒரு சின்ன சுத்தியலை எடுத்துத் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனார், டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல. நல்ல தகடு ‘டங்’ என்றது. சில இடங்களில் ‘தப்’ என்றது. அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். முடித்துவிட்டுப் பார்த்தால், வட்டம் போடாத இடம்தான் குறைவு.

“இதுல உரமூட்டை ஏத்துவீங்களாண்ணே?”

“ஏத்தாம? தோட்டம்னா உரம் போகாதா?”

அதுதான் சங்கதி. பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. மூட்டையிலிருந்து சிந்தும் தூள், மலைக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்கிறது. மேலே போட்ட ரப்பர் விரிப்பு அந்த ஈரத்தைக் காயவிடாமல் காபந்து பண்ணுகிறது. தரையில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டை உண்டு. அதில் சேறு அடைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நல்லதென்று நினைத்துப் போட்ட விரிப்புக்குக் கீழேதான் நோய் வளர்ந்திருக்கிறது.

மாமா சொன்ன ‘ரெண்டு தகடு’ வேலையை பாய் ஒப்புக்கொள்ளவில்லை. துரு மேல் பட்டி பூசி, பெயின்ட் அடித்தால் ஆறு மாதம் பளபளப்பாக இருக்கும், அடுத்த மழையில் கொப்புளம் வரும் என்றார். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். 16 கேஜ் தகட்டை அளவு பார்த்து வைத்து, வெல்டிங் ஒரே கோடாக ஓட்டாமல் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு அப்பளமாக நெளிந்துவிடும். பிறகு துரு அமிலம், அதைக் கழுவி பிரைமர், இணைப்புகளுக்கு சீலர், அடிப்பக்கத்துக்கு ஒரு பூச்சு. தரைக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டங்களையும் மாற்ற வேண்டும். தரையைத் தாங்குவதே அவைதான்.

மாமா பையன் சென்னையிலிருந்து போனில் வந்தான். “அப்பா, அலுமினியம் செக்கர் பிளேட் போட்டுருங்க. செம லுக்கா இருக்கும். டூரிஸ்ட்டுக்கு விடலாம்” என்றான். பாய் சிரித்தார். இரும்புத் தரைமேல் அலுமினியத்தை இறுக்கிவைத்து, இடையில் தண்ணீரும் புகுந்தால், அலுமினியம் கீழிருந்து அரித்துப்போகும். மேலே மினுக்கும், கீழே உளுக்கும் என்றார். கெமிஸ்ட்ரி புத்தகத்தில் ஒரு பாடமாக வருவதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அடுத்து பின்கதவுக்கு வந்தார். ஒரு பக்கத்துக் கீல் துருவில் கரைந்தே போயிருந்தது. கொண்டிக்குப் பதில் ஒரு நாய்ச் சங்கிலி. பாய் கதவை இரண்டு விரலால் தள்ளினார். ஆடியது.

“இதுமேல சாஞ்சுக்கிட்டுத்தானே பொம்பளையாளுக மலையேறுனாங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. மாமா வெளியே போய் ஒரு டீ சொல்லிவிட்டு வந்தார். வந்தவர், “எல்லாத்தையும் வெட்டிருங்க பாய். புதுசாவே போட்டுருவோம்” என்றார்.

அப்போதுதான் பாய் அந்தக் கேள்வியைக் கேட்டார். “பின்பக்கம் யாருக்குண்ணே? மூட்டைக்கா, ஆளுக்கா?”

சாதாரணக் கேள்விதான். மூட்டைக்கு என்றால் தரையை மழமழவென்று விட்டுவிடலாம், இழுத்துத் தள்ள வசதி. ஆளுக்கு என்றால் கால் வழுக்கக் கூடாது, பிடி வேண்டும், படி வேண்டும். 25 வருஷமாக அந்த வண்டி மூட்டைக்கான அமைப்பில் ஆட்களை ஏற்றியிருக்கிறது.

வீட்டில் அத்தை இதைக் கேட்டதும், “உக்காந்து போறவளுகளைக் கேட்டுட்டுச் செய்யுங்களேன்” என்றார். மறுநாள் வேலை முடிந்து இறங்கியவர்களிடம் கேட்டோம். முதலில் நம்பவில்லை, சிரித்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஏறும் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது, வயசானவர்களை ரெண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. வளைவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பக்கத்து ஆளைத்தான் பிடிக்க வேண்டும். தூக்குவாளி உருண்டு குழம்பு கொட்டுகிறது. சாரல் அடித்தால் மேலே போய்ச் சேருவதற்குள் முதுகெல்லாம் ஈரம். கடைசியாக ஓர் அக்கா, “பஞ்சு மெத்தையும் போட்டீங்கன்னா கொஞ்சம் தூங்கிட்டு வருவோம்” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பட்டியலில் ஆடம்பரம் என்று அது ஒன்றுதான். அதையும் அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

இதில் கஷ்டமான விஷயம் அவர்கள் கேட்காத ஒன்று: எத்தனை பேர்? ஆர்.சி. புத்தகத்தில் டிரைவரோடு சேர்த்து 8 பேர். காய் எடுக்கும் சமயத்தில் மாமா ஏற்றியது 14. “நீளமா ஒரு பெஞ்சு சேத்துப் போட்டா?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். பாய் தலையாட்டினார். கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. துருப்பிடித்த தகட்டை மாற்றினால் ரிப்பேர். சீட்டைக் கூட்டினால் தப்பு. அதுபோக, 14 பேரின் எடை கால் டன்னைப்போல மூன்று மடங்கு வரும். எவ்வளவு நல்ல தகடு போட்டாலும் பிரேக் அதேதான், வளைவும் அதேதான்.

மாமா இரண்டு நாள் கணக்குப் போட்டார். ரெண்டு நடை என்றால் டீசல் ரெட்டிப்பு. ஏலக்காய் விலையோ நிலையில்லாதது. சின்ன விவசாயிக்கு அது சின்னத் தொகை இல்லை. அவரைக் குறை சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிடலாம். தினமும் கையிலிருந்து கொடுக்கப் போகிறவர் அவர். ஆனால், அந்தப் பின்கதவு ஆடியதை அவர் பார்த்துவிட்டார். பார்த்ததைப் பார்க்காததாக ஆக்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. “முத நடை அஞ்சு மணி. அவங்க சீக்கிரம் முடிச்சு முதல்ல இறங்கட்டும். மத்தவங்க அடுத்த நடை” என்றார்.

பத்து நாளில் வண்டி தயாரானது. கழற்றிக் காயவைக்கக்கூடிய விரிப்பு. சேறு அடைக்காத அளவுக்குப் பெரிய நாலு ஓட்டைகள். தாழ்வான படி, மேலே நீளமான கைப்பிடிக் குழாய், பக்கவாட்டில் சுருட்டி விடுகிற தார்ப்பாய், முறையான கொண்டியோடு பின்கதவு. பெஞ்சுக்குக் கீழே தூக்குவாளி மாட்ட வரிசையாக ஆறு கொக்கிகள். ரெக்சின் மெத்தையும் போட்டார்கள், பஞ்சு கொஞ்சம் கம்மிதான்.

போன மாதம் மாமாவிடம் பேசினேன். டீசல் கணக்கைச் சொல்லிப் புலம்பினார். “பேசாம பழையபடி ஏத்திரலாம்னு ஒருநாள் பாத்தேன் மாப்ள. அவளுக விட மாட்டேங்கிறாளுக” என்றார்.

“ஏன் மாமா?”

“வாளியை மாட்டுறாளுக. கொக்கி ஆறுதான். ஏழாவதா வர்றவளைப் பாத்து, ‘உன் வாளிக்கு எடம் இல்லை, அடுத்த நடை வா’ங்கிறாளுக. நான் என்ன செய்ய?”