பின்னால் நிற்பவரின் நேரம்



கோல்ஃப் விளையாட்டைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியர் எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாம் அம்மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆயினும் சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலுள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நடந்தோம். அங்கே கண்ட ஒரு காட்சி, இடையஞ்சாவடியில் நாம் நடத்தும் மாலை மக்தபில் பல ஆண்டுகளாக நாம் செய்துவந்த தவறு ஒன்றை நமக்கு உணர்த்தியது. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

நமது மைத்துனர் துபாயில் நெடுங்காலம் பணியாற்றித் திரும்பியவர். கோல்ஃப் பழகியதும் அங்கேதான். பாலைவன நாட்டில் புல்வெளி விளையாட்டா என்று நாம் கேட்டதற்கு, 1988-இல் அங்கு எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறக்கப்பட்டதையும், அதன் முதன்மையான மைதானத்திற்கு ‘மஜ்லிஸ்’ என்றே பெயர் என்பதையும் சொன்னார். நம் நாட்டுக்கோ இவ்விளையாட்டு வெகு காலத்திற்கு முன்பே வந்துவிட்டது. கல்கத்தாவில் 1829-இலும், கொடைக்கானலில் 1895-இலும் இதற்கான சங்கங்கள் தோன்றின. செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்றே நாம் எண்ணியிருந்தோம். டெல்லியில் மட்டைப் பை சுமக்கும் உதவியாளராக இருந்து, 1991-இலும் 1993-இலும் இந்தியன் ஓபன் போட்டியை வென்ற அலி ஷேர் பற்றி மைத்துனர் சொன்னபோது அவ்வெண்ணம் சற்று மாறியது.

“ஒருநாள் கூட வாங்க மச்சான், நடந்தால் உடம்புக்கும் நல்லது” என்றார். ஃபஜ்ரு தொழுதுவிட்டுச் சென்றோம்.

விளையாட்டின் முறை எளிது. மைதானம் நெடுகப் பதினெட்டுக் குழிகள் இருக்கும். நால்வர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒவ்வொரு குழியாகப் பந்தை அடித்துக்கொண்டே செல்ல வேண்டும். சில நிமிட இடைவெளியில் அடுத்த குழு புறப்படும். முன்னே செல்பவர்கள் பந்து விழும் தொலைவைக் கடந்து செல்லும்வரை பின்னே வருபவர்கள் அடிக்கலாகாது. அடித்தால் ஆளின் மீது பட்டுவிடும். எனவே முன்னே செல்பவர் வழிவிட்டாலன்றிப் பின்னே வருபவர் முந்த இயலாது. நால்வர் நடந்து முடிக்க நான்கு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகும் என்றார் மைத்துனர். ஆறரை மணிக்குத் தொடங்கினோம். முடித்தபோது பன்னிரண்டேகால்.

அந்நால்வரில் எவரும் பெருந்தவறு எதையும் செய்துவிடவில்லை. ஒருவர் ஒவ்வோர் அடிக்கும் முன் நான்கு முறை வெறும் மட்டையை வீசிப் பார்த்தார். இன்னொருவர், தம் முறை வந்த பிறகே பையருகே சென்று எந்த மட்டையை எடுப்பது என்று யோசித்தார். ஒருவர் பந்து புதரில் மறைந்தால் நால்வரும் தம் பந்துகளை விட்டுவிட்டு அதைத் தேடினர். குழியில் பந்தை விழுத்திய பின்னும் அங்கேயே நின்று கணக்கு எழுதினர். ஒவ்வொன்றும் அரை நிமிடம், ஒரு நிமிடம். ஆனால் தொலைவு குறைந்த ஒரு குழிக்கு வந்தபோது, பின்னால் ஒரு குழுவன்று, இரண்டு குழுக்கள் இடுப்பில் கைவைத்து நின்றதைக் கண்டோம்.

“இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை” என்றார் மைத்துனர். நாமும் தலையசைத்தோம். அப்போது பை சுமந்து வந்த முதியவர் மெல்லிய குரலில், “பின்னாடி பார்க்காதீங்க சார். முன்னாடி பாருங்க, ஒரு குழி முழுக்க காலியா கிடக்கு” என்றார்.

உண்மைதான். நமக்கு முன்னே சென்ற குழு கண்ணுக்கே தெரியவில்லை. ‘பின்னால் வருபவர் நம்மை இடிக்கவில்லை, ஆகவே சரியாகத்தான் செல்கிறோம்’ என்பது அங்கே அளவுகோல் அன்று. முன்னே செல்பவரைத் தொடர்கிறோமா என்பதே அளவுகோல்.

ஆட்டம் முடிந்ததும் அப்பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாம் விசாரித்தோம். “ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு ரவுண்டு கிடைக்கும் பாய். இன்னிக்கு ஒண்ணோட போச்சு” என்றார். அவர்களுக்குக் கூலி மணிக்கணக்கில் இல்லை. ஆட்டத்திற்கு இவ்வளவு என்றுதான். நான்கு பேரின் அரை நிமிடங்கள் சேர்ந்து ஓர் ஏழையின் அரைநாள் கூலியை விழுங்கியிருந்தன. மைத்துனர் வெட்கப்பட்டு, இழந்த கூலியைத் தம் கையிலிருந்து கொடுத்தார். பின்னால் நின்றவர்களின் நேரத்தை எதைக் கொண்டு ஈடுசெய்வது?

திரும்பும் வழியில் மைத்துனரே ஒரு கணக்குப் போட்டார். நால்வரும் ஆளுக்கு 95 அடி என்றால் மொத்தம் 380 அடி. ஓர் அடிக்குப் பதினைந்து விநாடி வீணானால் 95 நிமிடம். இவ்விளையாட்டின் விதிகளை வகுக்கும் ஸ்காட்லாந்து, அமெரிக்க அமைப்புகள் இதற்காகவே 2019-இல் விதிகளைத் திருத்தினவாம். தொலைந்த பந்தைத் தேட அனுமதித்த ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்தன. தடையின்றி அடிக்க முடியும் என்ற நிலை வந்தபின் நாற்பது விநாடிக்குள் அடித்துவிடுவது நன்று என்று பரிந்துரைத்தன. குழிக்குத் தொலைவில் இருப்பவரே முதலில் அடிக்க வேண்டும் என்பது பழைய மரபு. ஆபத்தில்லாதபோது யார் ஆயத்தமாக இருக்கிறாரோ அவர் அடிக்கலாம் என்று ஊக்குவித்தன. காரணமின்றித் தாமதித்தால் முதல் முறை ஓர் அடி தண்டனை. மூன்றாம் முறை ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

இவற்றில் எதுவும் ஓடச் சொல்லவில்லை, அடியை அவசரமாக அடிக்கவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தோம். உன் முறை வருமுன் ஆயத்தமாக இரு என்பதே அவற்றின் சாரம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கடந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அங்கே உப்புநீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குச் சென்று, வெயிலில் படிப்படியாகச் செறிந்து, கடைசிப் பாத்தியில் உப்பாக விளைகிறது. அந்தந்தப் பாத்தியில் நீர் நிற்க வேண்டிய காலம் நின்றே ஆக வேண்டும். அதில் அவசரம் உதவாது. ஆனால் காலம் ஆனபின்னும் மடையைத் திறவாமல் வைத்திருந்தால் அடுத்த பாத்தி வறண்டு கிடக்கும். நிதானம் வேறு, அடைத்து வைத்தல் வேறு.

அந்நேரத்தில்தான் நமது மக்தபில் படித்த ஒரு சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. மக்தபில் பத்தொன்பது பிள்ளைகள். ஒவ்வொருவராக அழைத்து, எழுத்துக்குரிய உச்சரிப்பு முழுமையாக வரும்வரை ஓதவைப்பது நமது வழக்கம். மற்றவர்கள் சுவரோரம் அமர்ந்து காத்திருப்பார்கள். அதைப் பொறுமைக்கான பயிற்சி என்று பெருமையாகச் சொல்லியும் வந்தோம். அச்சிறுவனின் தாயார் விடியுமுன்னே உப்பளத்துக்குப் போகிறவர். மாலையில் சமைப்பதும் தங்கையைக் கவனிப்பதும் அவன் பொறுப்பு. “உஸ்தாத், நான் முதலில் ஓதிவிட்டுப் போகட்டுமா?” என்று இருமுறை கேட்டான். “வரிசைப்படிதான்” என்றோம். மூன்றாம் வாரம் அவன் வரவில்லை. ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை’ என்று நாம் சொன்னதும் நினைவிருக்கிறது. மைத்துனர் மைதானத்தில் சொன்ன அதே சொற்கள்.

முஆத் (ரலி) அவர்கள் இஷாத் தொழுகையில் நெடிய சூராவை ஓதியதால், பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் விலகித் தனியே தொழுதுவிட்டுச் சென்ற நிகழ்வை நாம் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறோம். அச்செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அண்ணலார் கண்டித்தது விலகிச் சென்றவரை அன்று. நீட்டித் தொழவைத்த முஆத் (ரலி) அவர்களைத்தான். பின்னால் முதியவரும் பலவீனரும் அலுவல் உள்ளவரும் நிற்கிறார்கள் என்பதை இமாம் மறக்கலாகாது என்று கற்பித்தார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாய் வருந்துவாளே என்று தமது தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அதே நபியவர்கள்தாம், அவசர அவசரமாகத் தொழுதவரை அழைத்து மீண்டும் தொழச் சொன்னார்கள். ருகூஉவும் ஸுஜூதும் குறையக் கூடாது. பின்னால் நிற்பவருக்குப் பாரமாகவும் ஆகக் கூடாது. மஜ்லிஸில் பிறருக்கு இடம்விடச் சொல்லப்பட்டால் இடம்விடுங்கள், அல்லாஹ் உங்களுக்கு விசாலமாக்குவான் என்று சூரா முஜாதலா (58:11) அறிவுறுத்துவதும் நாம் மனனமிட்டதுதான். இடம் என்பதில் நேரமும் அடங்கும் என்று அதுவரை நமக்குத் தோன்றவில்லை.

மறுநாளே மக்தபின் முறையை மாற்றினோம். ஒருவர் ஓதும்போது அடுத்த இருவர் தம் பாடத்தைத் திறந்து ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆயத்தமானவர் முதலில் வரலாம். வீட்டில் வேலையுள்ள பிள்ளை வரிசையைக் கடந்து வரலாம், மற்றவர்கள் வழிவிடுவார்கள். உச்சரிப்பில் நாம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் முன்பைவிட அரைமணி முன்னதாகவே முடிகிறது.

அச்சிறுவனின் வீட்டுக்கும் சென்றோம். தாயாரிடம், “தவறு எங்களுடையது” என்றோம். அவர், “உஸ்தாத் போய் இப்படிச் சொல்லலாமா?” என்று கலங்கினார். பையன் கதவோரம் நின்றிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள் வருகிறான் இப்போது. மற்ற நாட்களில் ஏன் வரவில்லை என்று நாம் கேட்பதில்லை. அவன் விட்டுப்போன பாடம் நான்கு மாதத்திற்கு உரியது. அதை அவனுக்குத் திருப்பித் தர வேண்டியது நமது கடன்.

பொறுமையைப் பிறருக்குப் போதிக்குமுன், அவர்களைக் காக்க வைத்திருப்பது நாம்தானா என்று திரும்பிப் பார்க்கும் நற்பண்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.