மிஸ் பண்ணுவது எப்படி?

2004-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். நியூஜெர்ஸியிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் பேசினான். எட்டு வயசு. தமிழ் அரைகுறை. பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் அதைவிட அரைகுறை. போனை வைத்துவிட்டு வந்தவர் முகம் சரியில்லை.

"ஏண்டா, என்னை மிஸ் பண்றானாம். மிஸ் பண்றதுக்கு நான் என்ன பஸ்ஸா?"

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால் சந்தேகம் நியாயமானதுதான். நாம் பஸ்ஸை மிஸ் பண்ணுவோம், மாட்னி ஷோவை மிஸ் பண்ணுவோம். மிஸ்டு கால்கூடக் 'கொடுப்போம்'. எதிராளி எடுக்காமல் தவறவிடுவதுதான் மிஸ்டு கால். அதை நாமே கொடுக்கிற பொருளாக்கி, காசு மிச்சம் பிடித்தது நம் இலக்கண சாதனை!

பழைய ஆங்கிலத்திலும் இந்த வினைச்சொல்லுக்கு அடிப்படை அர்த்தம் குறி தவறுவதுதான். ஒருவர் பக்கத்தில் இல்லையே என்று ஏங்குகிற அர்த்தம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. (ஸ்கூல் டீச்சரை 'மிஸ்' என்கிறோமே, அது வேறு குடும்பம். 'மிஸ்ட்ரஸ்' என்பதன் சுருக்கம்.)

உபயோகிக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. இதற்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் 'இங்' சேர்க்கவேண்டும். 'ஐ மிஸ் டாக்கிங் டு யூ' சரி. 'ஐ மிஸ் டு டாக் டு யூ' தப்பு. நம்மில் பலர் இங்கேதான் வழுக்குகிறோம்.

பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். 'து மெ மாங்க்'. கிட்டத்தட்ட, 'நீ எனக்குக் குறைகிறாய்'. ஏங்குகிறவன் எழுவாய் இல்லை, எதிரில் இல்லாதவர்தான் எழுவாய். அழகான ஏற்பாடு.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. "ஊருக்குப் போன அம்மாவைக் குழந்தை தேடுதுன்னு சொல்வீங்கல்ல? அதான் பெரியம்மா. அவனுக்கு உங்களைத் தேடுதாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதைத் தமிழ்லயே சொல்லியிருக்கலாமே, படவா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லிக் கொடுங்க. அடுத்த வாரம் சொல்லுவான்."

சொல்லிக் கொடுத்தார். பதிலுக்கு அவரும் ஒரு காகிதத்தில் 'ஐ மிஸ் யூ' என்று தமிழில் எழுதி போன் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பேரன் 'தேடுது பாட்டி' என்பான், பாட்டி 'ஐ மிஸ் யூ' என்பார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த பாஷை ஏறக்குறைய அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

2011-ல் பெரியம்மா தவறிப்போனார். பேரனும் அவன் அம்மாவும் கிடைத்த விமானத்தைப் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போன் இருந்த மூலைக்குப் போய் நின்றான். காகிதம் பழுப்பேறி அங்கேயே இருந்தது. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன்.

"ஐ மிஸ்டு ஹெர், மாமா" என்றான்.

வந்து சேர்வதற்குள் தவறவிட்டதைச் சொன்னானா, இத்தனை வருஷம் ஏங்கியதைச் சொன்னானா? எந்த அர்த்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்த ஒரு தடவை இரண்டும் ஒன்றுதான். பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கும் பாட்டியைத் தேடுகிறவனுக்கும் ஆங்கிலம் ஏன் ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.