விலை குறையட்டும், ஆயுள் குறைய வேண்டாம்

2021 இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது நான் நயினாதீவில் தரம் 8 இல் படித்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. இறங்குதுறைக்கு அருகில் வாப்பாவுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. கோயிலுக்கும் விகாரைக்கும் யாத்திரிகர்கள் வந்தால்தான் அங்கே வியாபாரம். அந்த வருடம் அவர்கள் வரவில்லை. அப்படியிருந்தும் வாப்பா சேமிப்பை எடுத்து, இருந்தவற்றுள் விலை குறைந்த ஒரு ஸ்மார்ட் போனை வாங்கித் தந்தார். காக்காவும் நானும் தங்கையும் முறை வைத்துப் பாவித்தோம்.

ஆறு மாதத்தில் அதில் இடம் நிரம்பிவிட்டது. விஞ்ஞான ரீச்சர் அனுப்பும் வீடியோவைப் பார்க்க வேண்டுமானால் முதல் வாரத்துக் கணிதப் பாடத்தை அழிக்க வேண்டும். அடுத்த வருடம் குறிகட்டுவானுக்குப் படகில் போகும்போது ஓர் அலை தெறித்து, கையிலிருந்த போன் நனைந்தது. யாழ்ப்பாணத்தில் திருத்துபவர் அதைத் திறந்து உப்புப் பூத்திருந்ததைக் காட்டினார். “நானா, இதைத் திருத்துற காசுக்குப் புதுசே வாங்கலாம்” என்றார். வாப்பா ஒன்றும் பேசவில்லை.

கட்டாரிலிருந்து வந்த மாமா, தான் பாவித்த ஐபோன் எக்ஸ்ஆரை எனக்குத் தந்தார். அது 2018 இல் வெளியான மாதிரி. 2024 இல் வந்த ஐஓஎஸ் 18 மென்பொருள் அதற்கும் கிடைத்தது. பற்றரியை மட்டும் ஒரு தடவை மாற்றினோம். மாமி வீட்டில் தங்கி உயர்தரம் படிக்கும் இன்றும் அதுதான் என் கையில் இருக்கிறது. “மலிவெண்டு வாங்கினது ஒரு வருசம்தானே மகள் இருந்திச்சு” என்று உம்மா அடிக்கடி சொல்வார்.

விலையுயர்ந்த போன்களைச் செய்யும் நிறுவனங்கள் எங்களைப் போன்ற நாடுகளுக்குக் குறைந்த விலையில் மாதிரிகள் தர வேண்டுமா என்று வகுப்பில் ஒருநாள் விவாதித்தோம். “அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள், தருமம் செய்யவில்லை. மலிவாக விற்றால் பெயரும் கெட்டுவிடும்” என்றாள் ஒரு தோழி. தருமத்தை நானும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் “குறைந்த விலை” என்று சொல்வது யாருக்குக் குறைவு என்று பார்க்க வேண்டும்.

அப்பிள் நிறுவனம் 2016 இல் ஐபோன் எஸ்இயை 399 டொலருக்கு விற்றது. 2025 இல் வந்த 16இ மாதிரியின் விலை வெளியானபோது 599 டொலராக இருந்தது. அமெரிக்காவில் இவை குறைந்த விலை மாதிரிகளாக இருந்தன. இங்கோ 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 400 டொலர் போன் ஒன்று 80,000 ரூபாவிலிருந்து 144,000 ரூபாவாகியது. நிறுவனம் ஒரு சதமும் கூட்டவில்லை. 2024 ஜனவரி முதல் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் போன்களுக்கு வந்தது. ஆகவே விலையைக் குறைக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, அரசுக்கும் உண்டு.

நிறுவனத்திடம் நான் கேட்பது வேறொன்று. கமெராவைக் குறைக்கட்டும், பளபளப்பைக் குறைக்கட்டும். மென்பொருள் கிடைக்கும் வருடங்களையும், தண்ணீரைத் தாங்கும் தன்மையையும், உதிரிப்பாகங்களையும் குறைக்க வேண்டாம். இது நடக்காத காரியமல்ல. 2024 இல் வெளிவந்த கலக்சி ஏ16 என்ற குறைந்த விலை மாதிரிக்கு 6 வருடங்கள் பாதுகாப்பு அப்டேட் தருவதாகச் சாம்சங் அறிவித்தது. நீண்ட ஆயுள் பணக்காரப் போனுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

நகரத்தில் இருப்பவர்கள் பழுதான போனை மாலையில் கடைக்குக் கொண்டுபோகலாம். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருப்பவர்களுக்கு அது ஒரு படகு, ஒரு பஸ், ஒரு நாள் கூலி. உப்புக் காற்று வருடம் முழுவதும் வீசுகிறது. குறைந்த ஆயுளுள்ள பொருள் எங்களுக்குத்தான் அதிக விலையாகிறது.

அன்பான பெற்றோரே, போன் வாங்கும்போது விலையைக் கேட்ட பிறகு இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை வருடம் அப்டேட் வரும்? தண்ணீர் பட்டால் தாங்குமா? பற்றரி இங்கே கிடைக்குமா?

அடுத்த வருடம் தங்கை தரம் 10 க்குப் போகிறாள். அவளுக்கும் ஒரு போன் வேண்டும். போன வாரம் வாப்பா கடைக்காரரிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் முதலில் விலையைக் கேட்கவில்லை.

“தம்பி, இது எத்தின வருசம் ஓடும்?” என்றுதான் கேட்டார்.