திங்கட்கிழமைப் புல்வெளி

குறிஞ்சித் திணையை வகுப்பில் நடத்தும்போது நாங்கள் பெரும்பாலும் புணர்தலைப் பற்றியே பேசிவிட்டு அடுத்த திணைக்குப் போய்விடுகிறோம். உரிப்பொருள் அதுதான். தேர்வில் கேட்கப்படுவதும் அதுதான். ஆனால் அந்தப் பாடல்களின் தலைவிக்குத் தினைப்புனத்தில் ஒரு வேலை இருக்கிறது. பரண்மேல் நின்று கிளி ஓட்டுகிறாள். அவளுக்குத் தட்டையும் குளிரும் கவணும் கருவிகள். கவண் வீசுவதற்கு இடுப்பைத் திருப்ப வேண்டும், தோளைச் சுழற்ற வேண்டும், கண்ணை இலக்கில் நிறுத்த வேண்டும். வேலை ஓய்ந்த நேரத்தில் ஆயத்தோடு ஓரை ஆடுகிறாள், மணலில் வண்டல் இழைக்கிறாள், அருவியில் விழுந்து குளிக்கிறாள். பிறகு ஒருநாள் அன்னைக்கு ஐயம் வருகிறது. இற்செறிப்பு. புனமும் ஆயமும் ஆட்டமும் ஒரே நாளில் போய்விடுகின்றன. அதற்குப் பின் தலைவன் வருவானா என்பது மட்டுமே நமக்குப் பாடம். அவள் மறுபடி விளையாடினாளா என்று எந்த உரைகாரரும் கேட்டதில்லை.

பிற்கால இலக்கியத்தில் பெண் பந்தாடும் இடங்கள் உண்டு. சிலப்பதிகாரத்துக் கந்துக வரியில் பெண்கள் பந்தடிப்பது பாண்டியனை வாழ்த்திக்கொண்டே. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும்போது திரிகூடராசப்பக் கவிராயரின் கண் பந்தைவிட அவள் மேனிமீதுதான் அதிகம் நிற்கிறது. பெண்ணின் ஆட்டம் ஒன்று நிறுத்தப்படுகிறது, இல்லாவிட்டால் பார்க்கப்படுகிறது. யாருக்காகவும் இல்லாமல், யாரும் பாராமல் ஒருத்தி ஆடிய ஆட்டத்தை நம் இலக்கியத்தில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

முதுகலை வகுப்பில் ஒருமுறை பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: “கடைசியாக எப்போது விளையாடினீர்கள்? வியர்க்க வியர்க்க, பரிசுக்காக இல்லாமல்?” பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “ஆறாவதுல” என்றாள் ஒருத்தி. “வயசுக்கு வர்றதுக்கு முந்தின வாரம்” என்றாள் இன்னொருத்தி. “எங்கண்ணனுக்கு இருபத்தாறு வயசும்மா. ஞாயித்துக்கிழமையானா இன்னும் பேட்டத் தூக்கிட்டுக் கிளம்பிருவான்” என்றாள் கடைசி வரிசையில் இருந்தவள். என் கணக்கும் அவர்களுடையதைப் போன்றதுதான். பாண்டிக் கட்டத்திலிருந்து என்னை வீட்டுக்குள் அழைத்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. இப்போது நாற்பத்தைந்து. தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன், சர்க்கரை கூடாமல் இருப்பதற்காக. அந்த நடையை மாத்திரை டப்பாவோடுதான் சேர்க்க வேண்டும்.

அதனால்தான், பழைய மாணவி ஒருத்தி நீலகிரியிலிருந்து தொலைபேசியில், “அரையாண்டு லீவுல வாங்கம்மா, கோல்ஃப் ஆடலாம்” என்றபோது சிரிப்பும் பொறாமையும் ஒன்றாக வந்தன. தமிழ்த்துறைப் பிள்ளைகள் எங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. அப்பா அந்த மலையூரின் பழைய கோல்ஃப் மைதானத்தில் கேடி, உறுப்பினர்களின் மட்டைப் பையைத் தோளில் தூக்கி நடப்பவர். அம்மா அதே மைதானத்தில் களை பறிக்கும் தினக்கூலி. திங்கட்கிழமை உறுப்பினர்கள் வருவதில்லை. அன்றைக்குக் கேடிகளும் அவர்கள் வீட்டாரும் ஆடிக்கொள்ளலாம். அப்பாவுக்கு யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய மட்டைகளில்தான் அவள் ஆடப் பழகியிருந்தாள். பள்ளி நாட்களில் திங்கட்கிழமை விடியற்காலை இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு முதல் பீரியடுக்குப் போய்விடுவாள்.

கோல்ஃபைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் கதவுகள்தான். 1567இல் கணவன் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே கோல்ஃப் ஆடினாள் என்பது ஸ்காட்லாந்து அரசி மேரிமீது சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று. விதவை துக்கத்தில் உட்காராமல் புல்வெளியில் நடந்ததைக் குற்றமாக எழுதி வைத்தார்கள். 1754இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014இல். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் 2012இல்தான் முதன்முதலாக இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் 2016இல் நடத்திய வாக்கெடுப்பில் பெண்கள் வேண்டாம் என்ற பக்கம் நின்றுவிட்டு, மறு ஆண்டு மனம் மாறியது. இவையெல்லாம் நம் காலத்துச் செய்திகள். நான் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அந்தக் கதவுகள் மூடியிருந்தன.

டிசம்பர் காலை அது. புல் முழுக்க உறைபனி உப்பு தூவியதுபோல் வெளுத்திருந்தது. நான் காலை வைக்கப் போனபோது மாணவியின் அம்மா தூரத்திலிருந்து கைகாட்டினார். “பனி உருகுற வரைக்கும் மிதிக்காதீங்க டீச்சரம்மா. மிதிச்ச எடம் கருகிடும். அப்புறம் நாங்கதான் பதில் சொல்லணும்.” வெயில் வரும்வரை வேலியோரம் நின்று கட்டஞ்சாயா குடித்தோம். எதிரே மேடும் பள்ளமுமாகப் பச்சை, அதற்கப்பால் கற்பூர மரங்கள், அதற்கும் அப்பால் நீலம். சரிவில் இரண்டு காட்டெருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. எந்த நாளில் யார் வரலாம் என்ற விதி அவற்றுக்கு இல்லை.

அழகுதான். இந்த அழகுக்கு ஒரு வரலாறும் உண்டு. இந்த மலைகளின் உச்சியில் சோலைகளும் புல்வெளியுமாக இருந்தவை தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலங்கள். ஆங்கிலேயர் எழுதிய ‘ஊட்டக்கமண்ட்’ என்ற பெயரின் கடைசியில் ஒலிப்பது தோடர்களின் மந்து. மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று எழுதிக்கொண்டு கற்பூர மரமும் சீகையும் நட்டார்கள், தேயிலை வைத்தார்கள், தங்கள் ஊரை நினைவூட்டும் ஆட்டங்களுக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாக்கவும் எனக்கு மனமில்லை. தோடர்களின் புனிதப் பால்மனைக்குள்ளும் பெண்களுக்கு அனுமதி இல்லை.

மாணவியின் பாட்டி நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1964 ஒப்பந்தத்திற்குப் பிறகு கப்பலேறி வந்து இங்கே மறுபடியும் தேயிலைக்கே போனவர்களில் ஒருவர். நுவரெலியாவிலும் ஊர் நடுவே கோல்ஃப் மைதானம் உண்டு. “பாட்டி அந்தப் புல்ல வெளிய இருந்து பாத்தாங்க. அம்மா இந்தப் புல்லுக்குள்ள குனிஞ்சு நிக்கிறாங்க. நான் திங்கக்கிழமை மட்டும் நிமுந்து நிக்கிறேன்” என்றாள் அவள். வகுப்பில் இவள் இவ்வளவு பேசியதில்லை.

பனி உருகியதும் அவள் அப்பா என் கையில் ஏழாம் எண் அயர்ன் மட்டையைக் கொடுத்தார். பந்து நாற்பத்தாறு கிராம்கூட இருக்காது. அது போய் விழ வேண்டிய குழியின் அகலம் நாலேகால் அங்குலம். முதல் வீச்சில் பந்து அசையவில்லை. இரண்டாவதில் மண் பெயர்ந்தது. அவர் பெயர்ந்த புல்லை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதித்துவிட்டுச் சொன்னார்: “வெட்டாதீங்கம்மா. வீசுங்க.”

அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். வெட்டுவது எனக்குத் தெரியும். காய், மீன், விடைத்தாளில் சிவப்புக் கோடு. முழங்கைக்குக் கீழே செய்துமுடிக்கிற வேலைகள் எல்லாம் தெரியும். கையை முழுதாகப் பின்னால் கொண்டுபோய், இடுப்பைத் திருப்பி, நெஞ்சைத் திறந்து வீசுவதற்குத்தான் உடம்பு கூசியது. சுற்றிலும் யாருமில்லை, ஆனாலும் கூசியது. பேருந்தில் முழங்கையை ஒடுக்கி, மேடையில் முந்தானையை இழுத்து, நாற்காலியில் பாதியில் உட்கார்ந்து முப்பது வருடமாகப் பழகிய உடம்பு அது. எட்டாவதோ ஒன்பதாவதோ வீச்சில் மட்டையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கை அதிரவில்லை. பந்து எழுந்து, வெயிலில் ஒரு கணம் காணாமல் போய், எங்கோ தள்ளிப் பச்சையில் விழுந்து உருண்டது. நான் கத்தியிருக்கிறேன். அவள் சொல்லித்தான் தெரிந்தது.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே அடிக்க வேண்டும். நேர்மையான விதிதான். ஆனால் எல்லோருடைய பந்தும் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை என்பதை அந்த விதி சொல்வதில்லை. நாங்கள் ஆடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் அம்மா இன்னும் மூன்று பெண்களோடு அடுத்த குழியருகே சாக்கு விரித்து, சிறு கத்தியால் களை கெல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவர்களுக்கு விடுமுறை இல்லை. ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் அன்றைக்குத்தான் வேலை அதிகம். நான் வீசிய வீச்சின் இன்பத்தை இதைச் சொல்லாமல் எழுதினால் அது சுற்றுலாக் கட்டுரையாகிவிடும்.

நான்காவது குழியில் மாணவியின் பந்து பத்தடி தள்ளி நின்றது. அவள் குந்தியமர்ந்து சரிவைப் பார்த்தாள். வலப்பக்கம் தாழ்வு என்றாள். அவள் அப்பாவும் தலையசைத்தார். அப்போது அம்மா கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “இல்ல. எடப்பக்கம். தண்ணி விட்டா அங்கதான் ஓடும்.” அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு பேசவில்லை. அவள் அம்மா சொன்னபடி அடித்தாள். பந்து இடதாக வளைந்து குழிக்குள் விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் புல்லை விரலால் தடவி அறிந்தவர் ஒருநாளும் மட்டையைத் தொட்டதில்லை. நான் நீட்டினேன். “குனிஞ்சு பழகுன முதுகு டீச்சரம்மா, அது எனக்கெதுக்கு?” என்று சிரித்துவிட்டு, மேஸ்திரி வரும் பாதையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவின் அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அப்போது அவருக்குக் கேடியாகப் பையைச் சுமந்து கூட நடந்தவர் அவருடைய அம்மா. அந்தப் படத்தைத் தன் தொலைபேசியில் வைத்திருக்கிறாள் மாணவி. தான் ஒலிம்பிக் போகப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். “அம்மாவும் பொண்ணும் ஒரே புல்லுல சேந்து நடக்கிறாங்கல்ல, அதுக்காக வச்சிருக்கேன்” என்றாள்.

திரும்பும் வழியில்தான் அவள் கல்யாணப் பேச்சைச் சொன்னாள். வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்துவிட்டது, ஒன்றைத் தவிர. “கல்யாணத்துக்கப்புறம் இந்தத் தடியெல்லாம் இருக்காதில்ல?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார். இருக்கும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். “வேலைக்குப் போறத ஒத்துக்கிறாங்கம்மா, சம்பளம் வருது. சமையல ஒத்துக்கிறாங்க. யாருக்கும் எதுக்கும் ஒதவாத ரெண்டு மணி நேரத்தத்தான் ஒத்துக்க முடியல.”

நாம் படிப்பைக் கேட்டபோது குடும்பம் முன்னேறும் என்றோம். வேலையைக் கேட்டபோது வருமானம் வரும் என்றோம். உடற்பயிற்சியைக்கூட ஆரோக்கியமான தாய் என்ற பெயரில்தான் வாங்கினோம். ஒவ்வோர் உரிமைக்கும் ஒரு பயனைக் காட்டிக்காட்டியே பெற்றிருக்கிறோம். விளையாட்டுக்குக் காட்டப் பயன் எதுவும் கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாத ஒன்றை ஒருத்தி கேட்கும்போதுதான், அவளுடைய நேரம் உண்மையில் யாருடையது என்பது வெளியே வருகிறது.

“உங்கம்மா என்ன சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“அந்த ரெண்டு மணி நேரத்த விட்டுக் குடுத்துட்டா மிச்சத்தையும் கேப்பாங்கன்னு சொன்னாங்க. அப்பாகிட்டயும் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமைய எழுதி வாங்கிட்டு மத்ததப் பேசுங்கன்னு.”