எங்கள் வீட்டுப் புல்

தோட்டம் என்றால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புல்வெளி இருக்க வேண்டும் என்பது என் தந்தையாரின் ஆசை. சிவகங்கைச் சீமையில் இது சற்றுப் பெரிய ஆசைதான்! புதுவீடு கட்டியதும் மதுரையிலிருந்து கொரியன் புல் வாங்கி வந்து வாசலில் பதித்தார். மாலையில் அதன்மேல் வெறுங்காலுடன் உலவுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் எங்களைக் கடிந்துகொண்டதே இல்லை.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் காற்றுத்தான் வந்தது. அம்மா தெருக்கோடிக் குழாயில் காத்து நின்று குடம் குடமாகச் சுமந்தார். புல் வைக்கோல் நிறமாயிற்று. தந்தையார் வாசலில் உலவுவதையே நிறுத்திவிட்டார்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஒரு நள்ளிரவில் எழுந்து, பானையிலிருந்த குடிநீர் முழுவதையும் மொண்டு மொண்டு அந்தப் புல்லுக்கு ஊற்றினேன். விடிந்ததும் அம்மா வெறும் பானையைப் பார்த்தார். வாசலில் ஈர மண்ணையும் பார்த்தார். அடிப்பார் என்று நின்றேன். ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. புல்லும் பிழைக்கவில்லை.

ஆவணியில் மழை தலைகாட்டியதும் அப்பத்தா ஊரிலிருந்து ஒரு சாக்கு நிறைய வெட்டிவேர்த் தூர் கொண்டு வந்தார். "இதுவும் புல்லுதாண்டா அப்பு. தண்ணிய இது கேக்காது, தேடிக்கிரும்" என்றார். தந்தையார் முகம் சுளித்தார். தோகையைச் சாண் அளவுக்குக் கத்தரித்து, தூரைப் பிரித்து நட்டோம். வறட்சி தாங்கும் புல் என்றால் நட்ட அன்றே தாங்கிவிடும் என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டாம். வேர் பிடிக்கும்வரை, மழை இல்லாத நாளெல்லாம் பாத்திரம் கழுவிய நீரை நான்தான் ஊற்றினேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை அது.

காரணம் பின்னாளில் தாவரவியல் வகுப்பில் விளங்கியது. வெட்டிவேர் பக்கவாட்டில் அலையாமல் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம்கூடப் போகும். நம் தென்னாட்டில் பயிராகும் வகை விதையால் பரவுவதில்லை. களையாகிவிடுமோ என்ற அச்சமும் இல்லை.

இன்று அது ஆளுயரம் நிற்கிறது. காற்றடித்தால் சாய்ந்து நிமிர்வது ஓர் அழகு. அதன்மேல் நடக்க முடியாது. ஆகவே தந்தையார் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்கிறார்.

நட்ட இரண்டாம் ஆண்டில் ஒரு தூரைத் தோண்டினோம். கடப்பாரை தேவைப்பட்டது. அம்மா வேரை அலசி, ஒரு பிடி முடிந்து, அதே பானையில் போட்டார்.

"இனிமே இந்தத் தண்ணிய எவனும் புல்லுக்கு ஊத்த மாட்டான்" என்றார், என்னைப் பாராமலே.