பூனைக்கும் சர்க்கரை வரும்!

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னால் முதலில் வருவது சிரிப்புதான். "அது என்ன தினமும் ஜிலேபியா சாப்பிடுது?" என்று கேட்பார்கள். ஆனால் அந்தப் பூனைக்குத் தினமும் இரண்டு வேளை ஊசி போடுகிற வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லங்குறிச்சியில் அப்படி ஒரு வீடு. பாட்டி, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, அப்புறம் பத்து வயதான ஒரு வெள்ளைக் கடுவன் பூனை. பெயர் வெள்ளையன். காலையில் பால் சோறு, மத்தியானம் மீன் முள்ளு, ராத்திரி மறுபடியும் பால் சோறு. நன்றாகக் கொழுத்து, திண்ணையை விட்டு இறங்காமல் கிடந்த பூனை.

நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, பாட்டிதான்! பாட்டிக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இன்சுலினைத் தானே போட்டுக்கொள்வார். வெள்ளையன் அண்டாவில் வாய் வைத்து ஓயாமல் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தார். நிறையத் தின்றும் முதுகெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்ததையும் பார்த்தார். கொல்லையில் அது மூத்திரம் போன மணலில் எறும்பு மொய்த்ததைப் பார்த்தவுடன் சந்தேகமே இல்லாமல் சொல்லிவிட்டார்.

"இதுக்கும் என்ன மாதிரியே சுகர்தான் பாப்பா."

பாட்டி கண்டது புதிய விஷயம் அல்ல. நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் இந்த நோய்க்கு வைத்த பெயரே மதுமேகம். மூத்திரம் தேன்போல இனிப்பதையும் அதை எறும்பு தேடி வருவதையும் வைத்தே அவர்கள் நோயை அறிந்தார்கள்.

மாட்டு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் உடனே முடிவு சொல்லவில்லை. பூனை பயந்துவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுமாம். கூடையில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால் எந்தப் பூனைதான் பயப்படாது? அதனால் மூத்திரத்திலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரக்டோசமைன் என்ற சோதனையும் உண்டு. கடந்த சில வாரங்களின் சராசரியை அது காட்டிவிடும், அன்றைய பயம் அதைப் பாதிக்காது. இதற்கெல்லாம் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் வசதியானவை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு, 2012-ல் தொடங்கிய ஒரத்தநாடு கல்லூரி தஞ்சாவூர் வழியாகப் போகிற தூரம்தான்.

முடிவு வந்தது. நோய் உறுதி. தினமும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை இன்சுலின். ஆரம்பத்தில் ஒரு யூனிட்.

அடுத்து வந்தது சாப்பாட்டுப் பிரச்சினை. பூனை அடிப்படையில் மாமிசம் தின்னும் பிராணி. அதன் உடம்பு சோற்றுக்காக ஏற்பட்டதல்ல. பால் சோறு நம் பாசத்தின் அடையாளம், ஆனால் இந்த நோய் வந்த பூனைக்கு அது ஆகாது. உப்பு, காரம் போடாமல் வேகவைத்த கோழிக்கறி, மீன், முட்டை என்று டாக்டர் சொன்னபடி மாற்றினார்கள். வீட்டில் மாற்றினால் போதுமா? தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் வெள்ளையனுக்குச் சோறு வைப்பவர்கள். பேத்தி நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அப்போதுதான் ஒருவர் பாட்டியிடம் கேட்டார்.

"ஏன் ஆத்தா, மனுசனுக்கே ஊசி போட ஆளில்ல, பூனைக்கு ஊசியா?"

"வாயிருக்கறவன் கேட்டு வாங்கிக்குவான். இது யாருகிட்டப் போயி கேக்கும்?" என்றார் பாட்டி.

கேட்டவர் மேல் தப்பில்லை. செலவு இருக்கிறதே! கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளையனுக்கு எழுதித் தந்தது கிளார்ஜின் என்ற இன்சுலின், ஒரு மில்லிக்கு 100 யூனிட். 10 மில்லி பாட்டில் வாங்கினால் 1,000 யூனிட். பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை 2 யூனிட். அப்படியானால் 500 நாள் வரும் என்று சந்தோஷப்பட முடியாது. திறந்தபின் 28 நாள்தான் என்று அட்டையில் போட்டிருக்கிறது. 28 நாளில் செலவாவது 56 யூனிட். மீதி 944 யூனிட்டுக்கும் காசு கொடுத்துவிட்டுக் குப்பையில் போட வேண்டும். அதனால் 3 மில்லி கார்ட்ரிட்ஜ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அதிலும் வீணாகும், ஆனால் குறைவாக.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அந்த வீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. பாட்டியின் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெள்ளையனின் இன்சுலினுக்கு 100 யூனிட் சிரிஞ்சு, ஆரஞ்சு மூடி. ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேத்தி சிவப்பு மூடிச் சிரிஞ்சில் வெள்ளையனின் மருந்தை 'ஒரு யூனிட்' கோடு வரை இழுத்துவிட்டாள். கூடாரம்போலத் தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊசியைக் கிட்டே கொண்டுபோன நேரம், கீழே கிடந்த மூடி பாட்டியின் கண்ணில் பட்டது.

"நில்லு! அது என்னோடது!"

போட்டிருந்தால் ஒரு யூனிட்டுக்குப் பதில் இரண்டரை யூனிட் உள்ளே போயிருக்கும். சர்க்கரை தாறுமாறாக இறங்கும். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, மயக்கம், சில சமயம் மரணம். அன்று ராத்திரி அந்தப் பெண் சரியாகத் தூங்கவே இல்லை. மறுநாளிலிருந்து பாட்டியின் மருந்து ஒரு டப்பாவில், பூனையின் மருந்து வேறு டப்பாவில். காலண்டரில் போட்ட ஊசிக்கு ஒரு டிக். ஊசி சரியாக இறங்கியதா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடக்கூடாது, அடுத்த வேளை வரை விட்டுவிட வேண்டும். சாப்பிடாத வேளையில் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. தள்ளாடினால் ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இவ்வளவையும் பேத்தி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

சரி, ஒரு பூனைக்கு இவ்வளவு தேவையா? நியாயமான கேள்விதான். பதிலைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1889-ல் ஜெர்மானிய மருத்துவர்கள் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் தெரிந்தது. 1921-ல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டறிந்ததும் நாய்களை வைத்துத்தான். 1922 ஜனவரியில் லியோனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் மனிதர்களுக்குக் கிடைத்த இன்சுலின் மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது. மனித இன்சுலினையே ஆய்வுக்கூடத்தில் தயாரித்து விற்பனைக்கு விட அனுமதி கிடைத்தது 1982-ல். ஆக, பாட்டி இன்று உயிரோடு இருப்பதற்குப் பெயர் தெரியாத எத்தனையோ நாய்களும் மாடுகளும் காரணம். அந்த மருந்தில் ஒரு சொட்டு வெள்ளையனுக்குப் போனால் அது தர்மம்கூட இல்லை, பழைய கடனில் கொஞ்சம் திருப்பித் தருவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லங்குறிச்சி என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது கலியுக வரதராசப் பெருமாள் கோயில். அங்கே மூலவர் சிலை அல்ல, கல் கம்பம். காணாமல் போன ஒரு பசுவைத் தேடிப் போனபோது அந்தக் கம்பம் கிடைத்ததாகத்தான் தலவரலாறு சொல்கிறது. ஒரு மாட்டைத் தேடி அலைந்ததில் பிறந்த கோயில்! அந்த ஊரில் ஒரு பூனைக்காக இரண்டு வேளை கடிகாரம் பார்ப்பது அதிசயமா என்ன?

சீக்கிரம் கண்டுபிடித்து, உணவை மாற்றி, ஊசியைத் தவறாமல் போட்டால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வருவதுண்டு. வெள்ளையனுக்கு இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். ஆனால் தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது, முதுகில் சதை பிடித்திருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பாட்டி தனக்கு ஊசி போட உட்காரும்போது அதுவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதலில் அதற்குச் சாப்பாடு, பிறகு ஊசி, அப்புறம்தான் பாட்டியின் முறை.

உங்கள் வீட்டுப் பூனை வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கிறதா? நன்றாகத் தின்றும் இளைக்கிறதா? வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு வாய் இல்லை, நமக்குக் கண் இருக்கிறதே!