காசா, கொலுசா?

“அண்ணா, கொலுசு மட்டும் வாங்கிட்டு வந்துடாத. ஸ்கூல்ல போட விடமாட்டேங்கறாங்க. வெள்ளிக் காசா வாங்கிக் குடுத்துடு” என்று தங்கை போனில் சொல்லிவிட்டாள்.

அவள் மகளுக்கு ஐந்து வயதில்தான் காதுகுத்துக்கு நேரம் கூடிவந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவார்கள். மடி கொடுத்தால் மட்டும் போதாது. சீர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று பந்திக்குக் கிளம்பியவர்கள்கூட ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நாமக்கல்லில் நகைக்கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வெள்ளி என்றால் எங்கள் பக்கத்துக்குச் சேலம்தான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவர், “அடிக்கிறதைப் பார்த்தே வாங்கிக்கலாம், வாங்க” என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தீபாவளி முடிந்த கையோடு ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறினேன்.

சட்டைப்பையில் ஒரு பழைய காசும் இருந்தது. என் காதுகுத்துக்கு அத்தை கொடுத்தது. 1918 என்று பொறித்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். ராஜாவின் காதில் தொடங்கி மூக்கு வரைக்கும் கரிக்கட்டையால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு ஓடும். அது எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய பேட்டை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இன்றும் ஒரு சந்தில் மிளகாய் மூட்டையும் பருப்பு மூட்டையும் இறங்குகின்றன, அடுத்த சந்தில் வெள்ளி இறங்குகிறது. தும்மிக்கொண்டே போனால் ஆசிட் நெடி வரும். அங்கே நின்றுவிட வேண்டும். காசு அடிக்கும் பட்டறை மாடியில் இருந்தது. படி ஏறும் முன்பே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சாமி படத்துக்கு மரியாதை என்று நினைத்தேன். காரணம் வேறு. தரையில் சிந்தும் தூளில் வெள்ளி இருக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது. கூட்டுகிற மண்ணைச் சாக்கில் கட்டி வைக்கிறார்கள். கை கழுவிய தண்ணீரும் ஒரு டிரம்மில்தான் விழுகிறது. அதன் அடியில் தேங்குவதும் வெள்ளிதான்.

உலைக்கு முன்னால் அறுபது தாண்டிய ஒரு பெரியவர். பாசிப்பயறு அளவில் உருண்டை உருண்டையாக இருந்த சுத்த வெள்ளியை நிறுத்து மூசையில் கொட்டினார். வெள்ளி உருக 962 டிகிரி வரை சூடு வேண்டும். அவர் எந்த மீட்டரையும் பார்க்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தார். உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, ஓரம் மழுங்கி, சட்டென்று ஒரே குளமாயின. ஒரு சிட்டிகை வெங்காரம் போட்டார், மேலே கரித்தூளைத் தூவினார்.

“கரி எதுக்குங்க?”

“வெள்ளி உருகுறப்போ காத்தைக் குடிக்கும் தம்பி. ஆறுறப்போ துப்பும். மூடி வைக்கலேன்னா மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா ஆயிரும்.”

அவர் சொன்னது அப்படியே வேதியியல். உருகிய வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனை நிறைய உள்ளே இழுத்துக்கொள்ளும், கட்டியாகும்போது அத்தனையையும் வெளியே தள்ளும். புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன். அவர் சொன்ன “துப்பும்” மறக்காது.

வார்த்த கட்டி இரண்டு உருளைகளுக்கு நடுவே போய்ப் போய்த் தகடாகிறது. நசுக்க நசுக்க வெள்ளி விறைத்துக்கொள்ளும், அப்படியே விட்டால் ஓரம் வெடிக்கும். அதனால் நடுநடுவே மங்கிய சிவப்பாகும் வரை சூடுகாட்டித் தண்ணீரில் போடுகிறார்கள். பிறகு தகட்டில் வட்டம் வட்டமாக வில்லை வெட்டுகிறார்கள். வெட்டியது போக மிஞ்சும் தகடு சல்லடைபோல இருக்கும், அது மறுபடியும் மூசைக்கே போகும். ஒவ்வொரு வில்லையும் தராசில் ஏறி இறங்குகிறது. கொஞ்சம் கூடினால் ஓரத்தில் அரம் போடுவார்கள், குறைந்தால் அதுவும் மூசைக்குத்தான். ஒரு பையன் வேலை முழுக்க இதுதான். பத்து கிராமுக்கு வில்லையை எடுத்து வைக்கும்போது அவன் விரல்களுக்குத் தராசைவிட முன்பே தெரிந்துவிடுகிறது.

அச்சடிப்பதை ஆவலோடு பார்க்கக் காத்திருந்தேன். சொல்லப்போனால் பார்க்க ஒன்றுமில்லை. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் வில்லை. பிரஸ் ஒருமுறை இறங்கி ஏறியது, தரை ஒருமுறை அதிர்ந்தது. வில்லை போன இடத்திலிருந்து லட்சுமி வந்தாள். ஒரு பக்கம் தாமரையில் அவள், இன்னொரு பக்கம் எடையும் தரமும். கொட்டாவி விடுகிற நேரத்தில் இரண்டு காசு.

“இந்த முகத்தைச் செதுக்குனது யாருங்க?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டருங்க” என்றான் பிரஸ்ஸில் இருந்தவன். முன்பு எஃகு அச்சில் உளியால் வெட்டுகிறவர்கள் இருந்தார்கள் என்று பெரியவர் சொன்னார். இப்போது படத்தைக் கொடுத்தால் மிஷினே குடைந்து கொடுத்துவிடுகிறது.

என் ஜார்ஜ் காசை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கோட்டைப் பார்த்ததுமே பெரியவர் சிரித்துவிட்டார். “ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருந்தாங்களா?”

ஆமாம். அம்மா அதைக் காகிதத்தில் மடித்து, மேலே ரப்பர் பேண்டு சுற்றித்தான் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். காகிதம் எப்போதோ கிழிந்துபோயிற்று. ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது. நாற்பது வருடம் அந்த வளையம் ராஜாவின் முகத்தில் படுத்திருந்திருக்கிறது. பெரியவர் சாமி படத்தடியில் இருந்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து, ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தார். கோடு வெளுத்தது, போகவில்லை.

“அழுத்தித் தேய்ச்சா போயிரும். கூடவே ராஜா மூக்கும் கொஞ்சம் போயிரும். விட்டுருங்க.”

அந்தக் காசு நிஜமாகவே காசு. 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் வகுத்த அளவு அது. 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், 1947இல் ரூபாய் நிக்கலுக்குப் போய்விட்டது. அத்தையின் தலைமுறையில் குழந்தை கையில் வைத்த வெள்ளி, முன்பு சந்தையில் நெல் வாங்கிய வெள்ளி. இப்போது நாம் கொடுப்பதற்கும் காசு என்றுதான் பெயர், ஆனால் அதைக் கொண்டுபோய் ஒரு கடலைமிட்டாய் வாங்க முடியாது. கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார், அல்லது கும்பிட்டுவிடுவார்.

அதோடு கிளம்பியிருப்பேன். நண்பர்தான், “கொலுசுப் பட்டறையைப் பார்க்காம சேலத்துல என்ன வெள்ளி பார்த்தீங்க?” என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சிவதாபுரம் போனார். அங்கே பட்டறை என்று தனியாக ஒன்று கிடையாது. வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. ஒரு மூலையில் தையல் மிஷின், இன்னொரு மூலையில் காஸ் சிலிண்டர், நடுவே பலகையைப் போட்டுக்கொண்டு கணவனும் மனைவியும். வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார், இவர்கள் கொலுசாக நிறுத்துத் திருப்பித் தர வேண்டும். கூலி கிலோ கணக்கில்.

கொலுசு ஒரே வீட்டில் பிறப்பதில்லை. உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது ஓரிடம், பூவும் அரும்பும் அடிப்பது ஓரிடம். இங்கே அவற்றைச் சேர்த்துப் பற்றவைக்கிறார்கள். இங்கிருந்து சலங்கை கோக்க ஒரு வீட்டுக்கும், மெருகுக்கு இன்னொரு வீட்டுக்கும் போகும். காலில் ஏறுமுன் எத்தனை மடி ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தேன், விரல் போதவில்லை.

அந்த அம்மா செய்துகொண்டிருந்தது ஐந்து அங்குலக் கொலுசு, கைக்குழந்தைக்கானது. சங்கிலியைப் பலகையில் வளையாமல் கிடத்தி, மிளகில் பாதி அளவுகூட இல்லாத அரும்பு ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து அதனதன் இடத்தில் உட்கார வைத்தார். வெங்காரமும் பற்றுப்பொடியும் குழைத்த சாந்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தார். பிறகு கணவர் தீயைக் காட்டினார். நீலச் சுடர் கொலுசின்மேல் ஓர் எறும்பின் வேகத்தில் நகர்ந்தது. வெள்ளி மங்கியது, சிவந்தது. பொடி கண்ணீர்போலப் பளிச்சென்று உருகி ஓடிய அதே நொடியில் சுடர் விலகிவிட்டது. இன்னும் ஒரு நொடி நின்றிருந்தால் பொடியோடு சேர்ந்து அரும்பும் சங்கிலியும் உருகி ஒரு சொட்டாகியிருக்கும்.

“அப்படி ஆனதுண்டா?”

“ஆகாமயா? கரண்டு போய் ஃபேன் நின்னுச்சு, வேர்வை கண்ணுல எறங்குச்சு. கண்ணைத் தொடைக்கறதுக்குள்ள அரை நாள் வேலை போச்சு. வெள்ளி எங்கயும் போகாதுங்க, எடை குறையாது. போறது எங்க கூலி.”

ஃபேனை ஓட விட்டால் சுடர் ஆடும், நிறுத்தினால் வேர்க்கும். மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். இருவருமே கண்ணாடி போட்டவர்கள். பேசும்போது மட்டும் முதுகை நிமிர்த்தினார்கள்.

விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. 2025 தொடக்கத்தில் கிராம் 100 ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, அக்டோபரில் சென்னையில் 200ஐத் தாண்டியது. நான் போனபோது கொஞ்சம் இறங்கியிருந்தது. வெள்ளி ஏறினால் வெள்ளிக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்றுதான் வெளியே நினைக்கிறோம். அந்த அம்மா தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “வெள்ளி ஏறுனா எங்களுக்கு வேலைதாங்க எறங்குது. கனமா கேக்கறவங்க சன்னமா கேக்கறாங்க. சன்னமா கேக்கறவங்க காசு வாங்கி பீரோல வெச்சுக்கறாங்க. சன்னக் கொலுசுக்கும் அதே அளவு அரும்புதான் வைக்கணும், எடை மட்டும் கம்மி. கூலி எடைக்குத்தான?”

பதில் சொல்ல ஏதுமில்லாமல் கையிலிருந்த கொலுசை ஆட்டிப் பார்த்தேன். சலங்கை இன்னும் கோக்காததால் சத்தம் வரவில்லை.

தங்கையின் கணக்கும் தப்பில்லை. காசு 999 தரம். விற்கப் போனால் கிட்டத்தட்ட வெள்ளியின் முழு விலை வரும். கொலுசு அப்படி இல்லை. பற்றவைக்கவும் விறைப்பாக நிற்கவும் செம்பு கலந்தே ஆக வேண்டும். கலப்பின் அளவைத்தான் சேலத்தில் டச் என்கிறார்கள். கடையில் 80 டச் என்று எழுதியிருந்தால் நூறில் எண்பது வெள்ளி. விற்கும்போது செம்பும் கழியும், செய்கூலியும் கழியும். தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயம், வெள்ளிக்கு இன்னும் விருப்பம்தான். 2025 செப்டம்பரிலிருந்து ஹால்மார்க் போடும் வெள்ளி நகைகளுக்கும் தனித்தனி ஆறு எழுத்து எண் வந்திருக்கிறது. எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று தெரிய ஒரு மணி நேரம் கடையில் உட்கார்ந்தாலே போதும். நான் உட்கார்ந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. என் முறை வந்தபோது நானும்தான் மறந்தேன், நண்பர் முழங்கையால் இடித்தார்.

அன்று நான் வாங்கியது காசுதான், பத்து கிராமில் இரண்டு. காதுகுத்தன்று மருமகள் அழுது முடித்த பிறகு, பிளாஸ்டிக் மூடியைப் பிரித்து ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். “இதை எதுல போடணும் மாமா?” என்று கேட்டாள். உண்டியலா, மிஷினா, எதை நினைத்துக் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் பதில் யோசிப்பதற்குள் அவள் பாட்டி வந்து வாங்கிக்கொண்டு போனார். பீரோவுக்குத்தான்.

அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், ஏழு மாதம், இப்போதுதான் தவழ்கிறான். எங்கள் பக்கத்தில் ஆண் குழந்தைக்கும் அந்த வயதில் கொலுசு போடுவோம், எந்த அறைக்குள் போகிறான் என்று சமையலறையிலிருந்தே தெரியும். உங்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை இருந்தால் அடுத்த சீருக்குக் கொலுசாக வாங்குங்கள். பில்லில் டச் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். சலங்கைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், குழந்தை வாயில் வைக்கும். ஏற்கெனவே காசு வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பீரோவைத் திறந்து ரப்பர் பேண்டைக் கழற்றிவிடுங்கள்.